வகுப்பறைத் தொலைக்காட்சி ஊமையானது ஏன்? பிறையில் ஒரு லினக்ஸ் கணினியின் எச்டிஎம்ஐ ஒலிச் சிக்கல்

மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியான பிறையில், ஒரு கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடைபெறுகிறது. அங்குள்ள கணினி இன்டெல்லின் 6ஆம் தலைமுறைச் செயலியைக் கொண்டது. மேடைக்குக் கீழே ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருப்பது. அதிலிருந்து புறப்படும், படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கடத்தும் எச்டிஎம்ஐ கேபிள் ஒரு சிறு ஸ்பிளிட்டருக்குள் நுழைந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுவரில் மாட்டிய 43 அங்குலத் தொலைக்காட்சிக்குப் போகிறது. பிள்ளைகள் பார்ப்பதும் கேட்பதும் அதில்தான். மற்றொரு கிளை ஆசிரியையின் மேசைமேல் இருக்கும் 22 அங்குல மானிட்டருக்குப் போகிறது. அந்த மானிட்டர் பழையது. அதில் எச்டிஎம்ஐ வாய் கிடையாது, அதற்கு முந்தைய வகையான டிவிஐ வாய்தான் உண்டு என்பதால், ஒரு முனை எச்டிஎம்ஐயாகவும் மறுமுனை டிவிஐயாகவும் இருக்கும் கேபிளால் அதை இணைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியும் அதற்கு இல்லை; யாருக்கும் அது தேவைப்படவுமில்லை.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. 6ஆம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. புதிய கணினி வாங்க நிர்வாகத்திடம் பணமில்லை என்பதால், பொறியியல் படிக்கும் ஓர் இளைஞர் முன்வந்து லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 24.04ஐ நிறுவிக் கொடுத்தார். அதே வாரத்தில், 20ஆம் தேதி தீபாவளிக்கு முன்பாக, அறைக்கு வெள்ளையடித்தார்கள். தொலைக்காட்சியைக் கழற்றினார்கள், மேசையை நகர்த்தினார்கள், எல்லாம் முடிந்ததும் கேபிள்களைத் திரும்பச் செருகினார்கள். இரண்டு மாற்றங்கள் ஒரே வாரத்தில் நடந்தன என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நான் பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை செய்பவன். அங்கே ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுகிறவரை மேற்பார்வையாளர் சும்மா விடமாட்டார். வெளியே வந்ததும் அந்தக் கட்டுப்பாட்டை நானே மறந்துவிடுகிறேன் என்பதற்கும் இந்த நிகழ்வு சாட்சி.

விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியபோது தொலைக்காட்சியில் படம் வந்தது, ஒலி வரவில்லை. “லினக்ஸ் போட்டதிலேர்ந்து டிவி பேசவே மாட்டேங்குது” என்பதுதான் செயலாளர் எனக்குத் தொலைபேசியில் சொன்ன புகார். நோயின் பெயரோடு காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடும் புகார்கள் ஆபத்தானவை. கேட்பவனும் அந்தக் காரணத்தைத் தன்னையறியாமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறான்.

நவம்பர் 8, சனிக்கிழமை காலை பாலம் கடந்து பிறைக்குப் போனேன். எனக்கு முன்பே அந்த இளைஞர் இரண்டு இரவுகள் போராடியிருந்தார். இணையத்தில் கிடைத்த அறிவுரைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து பார்த்திருக்கிறார். ஒலியை வழிநடத்தும் மென்பொருளான பைப்வயரை நீக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் பழைய பல்ஸ்ஆடியோவை நிறுவியிருந்தார். லினக்ஸின் உட்கருவான கெர்னலின் ஒலி இயக்கிக்கு மாதிரிப் பெயர் ஒன்றைக் கட்டாயப்படுத்தும் வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்திருந்தார். அந்த வரி மடிக்கணினிகளின் ஹெட்போன் துளைகளுக்காக எழுதப்படுவது. எச்டிஎம்ஐ ஒலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் முதலில் செய்தது இவற்றையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததுதான். அரை மணி நேரம் அதற்கே போயிற்று. தெரியாத நிலையில் உள்ள ஒரு கணினியில் எந்தச் சோதனை செய்தாலும் அதன் விடைக்குப் பொருளில்லை.

அதன் பிறகு கணினியின் பின்புறத் துளையில் காதுக்கருவியைச் செருகிக் கேட்டேன். பாட்டு தெளிவாக வந்தது. அமைப்புகளில் ஒலிப் பக்கத்தைத் திறந்தால் வெளியீட்டுப் பட்டியலில் அந்தத் துளை மட்டும்தான் இருந்தது. எச்டிஎம்ஐ என்ற பெயரே இல்லை. ஆல்சா என்னும் அடித்தள ஒலி அமைப்பிடம் ஏபிளே கட்டளையால் கேட்டபோதோ, எச்டிஎம்ஐ சாதனங்கள் 3, 7, 8 என்ற எண்களோடு வரிசையாக நின்றன. இங்கேதான் நான் வழி தவறினேன். பட்டியலில் இருக்கிறதே, அப்படியானால் வன்பொருள் சரி, மேலடுக்கில் உள்ள பைப்வயர்தான் அதை மறைக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒலி அளவுகளைக் காட்டும் ஆல்சாமிக்சரைத் திறந்து, முடக்கப்பட்டிருந்த டிஜிட்டல் வெளியீடுகளை எல்லாம் விடுவித்தேன். பிறகு 3ஆம் எண் சாதனத்துக்கு நேரடியாகச் சோதனை ஒலி அனுப்பினேன். கட்டளை ஒரு பிழையும் சொல்லாமல் ஓடியது. இடம், வலம் என்று மாறி மாறி எழுதிக்கொண்டே போனது. தொலைக்காட்சி வாய் திறக்கவில்லை. 7க்கும் 8க்கும் அனுப்பினேன், அதே கதைதான்.

பின்னர் விளங்கியது இது. அந்த எண்கள் கணினியின் வரைகலைச் சில்லில் ஒலி புறப்படக்கூடிய கதவுகளின் எண்கள். கதவுக்கு வெளியே யாரேனும் நிற்கிறார்களா என்பதை அவை சொல்வதில்லை. கேபிளே செருகாத கணினியிலும் அவை பட்டியலில் இருக்கும். ஆளில்லாத கதவைத் திறந்து பேசினாலும் இந்த இயக்கி தடுப்பதில்லை, பேச்சு காற்றோடு போகும், அவ்வளவுதான். பட்டியலைக் கண்டு நம்பி ஒரு மணி நேரத்தை வீணாக்கியவர்களில் நான் முதல் ஆளல்ல.

சலிப்போடு எழுந்து நின்றபோது, பிள்ளைகளுக்கு எழுத்து அட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த ஆசிரியை பேச்சுக்கொடுத்தார்.

“சத்தம் இல்லங்கிறதுதான் குறை, தம்பி. மத்தபடி லினக்ஸ் நல்லாத்தான் இருக்கு. முந்தி இந்த மானிட்டர்ல இடது ஓரத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு ரோஸ் கோடு ஓடிக்கிட்டே இருக்கும். இப்ப அதைக் காணோம். படம் சுத்தமா இருக்கு.”

“எப்பலேர்ந்து காணோம், டீச்சர்?”

“தீபாவளிக்கு அப்புறம் வந்து பார்த்தப்பவே இல்ல.”

அந்தக் கோடு காணாமற் போனதுதான் இந்த வழக்கின் திறவுகோல். அது ஏன் என்று சொல்வதற்குமுன், படம் போகும் கம்பியில் ஒலி எப்படிப் பயணம் செய்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

டிவிஐ 1999இல் வந்தது; அது படத்தை மட்டுமே சுமக்க வகுக்கப்பட்டது. 2002 டிசம்பரில் வெளிவந்த எச்டிஎம்ஐ, படத்தைச் சுமக்கும் முறையை டிவிஐயிடமிருந்தே எடுத்துக்கொண்டு ஒலியைக் கூடுதலாகச் சேர்த்தது. ஆகையால்தான் இரண்டுக்கும் இடையே மின்சுற்று ஏதுமில்லாத சாதாரணக் கேபிள் போதுமானதாக இருக்கிறது. ஒலிக்கென்று தனிக் கம்பி கிடையாது. முழு எச்டி படத்தில் ஒவ்வொரு வரியிலும் நாம் காண்பது 1920 புள்ளிகள். கம்பியில் ஓடுவதோ 2200. எஞ்சிய 280 புள்ளிகளின் நேரம், பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் மின்கற்றை அடுத்த வரிக்குத் திரும்புவதற்காக விட்ட இடைவெளியின் எச்சம். அந்த இடைவெளியில்தான் 32 புள்ளி நீளமுள்ள சிறு பொட்டலங்களாக ஒலி போகிறது. விநாடிக்கு 60 படங்கள், படத்துக்கு மறைவரிகளையும் சேர்த்து 1125 வரிகள் என்றால் விநாடிக்கு 67,500 இடைவெளிகள் கிடைக்கின்றன. 48 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு விநாடிக்கு 48,000 மாதிரிகள் போதும் என்பதால் இடம் தாராளமாகவே இருக்கிறது.

ஆனால் டிவிஐ மட்டுமே அறிந்த திரைக்கு இந்தப் பொட்டலங்கள் என்னவென்றே தெரியாது. அதனால் எச்டிஎம்ஐ தரத்தில் ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள்: எதிரே இருக்கும் திரை தன்னை எச்டிஎம்ஐ என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் ஒழிய, கணினி டிவிஐ மொழியிலேயே பேச வேண்டும். டிவிஐ மொழியில் ஒலி கிடையாது. அந்த அறிமுகச் சீட்டின் பெயர் இடிஐடி. திரையின் தயாரிப்பாளர், பெயர், நீள அகலம், ஏற்கும் தெளிவுத்திறன்கள் முதலியவை அதன் முதல் 128 பைட்டுகளில் இருக்கும். எச்டிஎம்ஐ திரையானால் அதற்குப் பின்னால் மேலும் 128 பைட்டுகள் இணைந்து, எந்த ஒலியை எத்தனை தடத்தில் ஏற்பேன் என்பதையும் சொல்லும்.

லினக்ஸில் இந்தச் சீட்டை முதலில் படிப்பது வரைகலை இயக்கி. இந்தக் கணினியில் அது ஐ915. அது ஒலி தொடர்பான பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இஎல்டி என்ற சிறு குறிப்பாக ஒலி இயக்கியிடம் கொடுக்கிறது. ஒலி இயக்கி அதைக் கண்டால்தான் திரை வந்திருக்கிறது என்று மேலே அறிவிக்கும்; அந்த அறிவிப்பு வந்தால்தான் பைப்வயர் எச்டிஎம்ஐயைக் கிடைக்கும் வெளியீடாக எண்ணும்; அப்போதுதான் அமைப்புகளின் பட்டியலில் பெயர் தோன்றும். ஆகவே பட்டியலில் பெயர் இல்லையென்றால் கீழே இருந்து மேலே பார்த்துக்கொண்டு வரவேண்டும். நானோ நடுவிலிருந்து தொடங்கி மேலும் கீழும் அலைந்தேன்.

இப்போது அந்த ரோஸ் கோட்டுக்கு வருவோம். எச்டிஎம்ஐ மொழியில் பேசும்போது, ஒவ்வொரு வரியிலும் படம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு புள்ளி அகலத்துக்கு ஒரு காவல் குறி அனுப்பப்படும். எச்டிஎம்ஐ தெரிந்த திரை அதை அடையாளமாகக் கொண்டு விட்டுவிடும். டிவிஐ மானிட்டர் சில அதையும் படம் என்று எண்ணி இடது ஓரத்தில் வரைந்துவிடும். 1080 வரிகளிலும் வரைந்தால் அது ஒரு நெடுங்கோடு. அப்படியானால் ஆசிரியையின் மானிட்டரில் கோடு இருந்த காலத்தில் கணினி எச்டிஎம்ஐ மொழியில் பேசிக்கொண்டிருந்தது. கோடு போனதென்றால் டிவிஐ மொழிக்கு மாறிவிட்டது. ஒலி நின்றதும் கோடு மறைந்ததும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு முகங்கள். ஒன்றைக் குறை என்றார்கள், மற்றொன்றை நன்மை என்றார்கள்.

உடனே உட்கார்ந்து மூன்று இடங்களைப் பார்த்தேன். கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் புரோக் அடைவில், ஒலி அட்டையின் கீழ் இஎல்டி கோப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ‘மானிட்டர்_பிரசன்ட் 0, இஎல்டி_வேலிட் 0’ என்றே இருந்தது. கண்முன்னே இரண்டு திரைகள் ஒளிர்ந்துகொண்டிருக்க, ஒலிப் பக்கத்தின் கணக்கில் ஒரு திரையும் இல்லை! அடுத்து, அதேபோன்ற சிஸ் அடைவிலிருந்து இடிஐடி கோப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன்: 128 பைட்டுகள் மட்டும். பின்னால் எத்தனை இணைப்புத் தொகுதிகள் வரும் என்று சொல்லும் 127ஆவது பைட்டில் 00 இருந்தது. மூன்றாவது இடம், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலுக்கே போகத் தேவையில்லாதது. அமைப்புகளில் திரைப் பக்கத்தைத் திறந்தால், இணைந்திருக்கும் திரையின் அளவு 22 அங்குலம் என்று எழுதியிருந்தது. சுவரில் இருப்பது 43 அங்குலம். இதை அந்த இளைஞரும் பார்த்திருக்கிறார், நானும் காலையில் பார்த்தேன். திரை அளவுக்கும் ஒலிக்கும் என்ன தொடர்பு என்று இருவருமே கடந்துபோயிருக்கிறோம்.

ஸ்பிளிட்டருக்குப் பின்னால் இரண்டு திரைகள் இருந்தாலும் கணினிக்கு ஒரு சீட்டுதான் காட்ட முடியும். எந்தச் சீட்டைக் காட்டுவது என்பதில் ஸ்பிளிட்டர்கள் பலவிதம். சில இரண்டு திரைகளுக்கும் பொதுவானதைத் தொகுத்துக் காட்டும். சிலவற்றில் சிறு சுவிட்சுகளை வைத்து நாமே தேர்ந்தெடுக்கலாம். மலிவானவை முதல் வாயில் இருப்பவரின் சீட்டை அப்படியே நகலெடுத்து நீட்டிவிடும். இங்கே இருந்தது மூன்றாம் வகை. வெள்ளையடிப்பதற்கு முன் முதல் வாயில் தொலைக்காட்சி இருந்தது. திரும்பச் செருகியபோது கேபிள்கள் இடம் மாறின. முதல் வாய்க்கு மானிட்டர் வந்தது. செருகியவரைக் குறை சொல்ல இடமில்லை. இரண்டு வாய்களும் ஒரே தோற்றம், இரண்டிலும் படம் வருகிறது.

கேபிள்களை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் லினக்ஸின்மேல் விழுந்திருந்த பழியைத் தீர்த்துவிட்டே மாற்றுவது என்று எண்ணினேன். அது என் பிடிவாதம் என்றும் சொல்லலாம். செயலாளரின் மடிக்கணினி விண்டோஸ் 11இல் ஓடுவது. அதை ஸ்பிளிட்டரில் செருகச் சொன்னேன். படம் வந்தது, ஒலி வெளியீட்டுப் பட்டியலில் தொலைக்காட்சி வரவில்லை, பாட்டு மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கியிலேயே பாடியது. “அப்ப இது லினக்ஸ் கோளாறு இல்லையா, சார்?” என்று கேட்டுவிட்டு அவர் இளைஞரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். இந்தச் சோதனையை முதல் நாளே யாரேனும் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். அதைச் செய்யாமல் டெர்மினலைத் திறந்தவர்களில் நானும் ஒருவன்.

பிறகு கேபிள்களை இடம் மாற்றினேன். திரை ஒருமுறை கறுத்து மீண்டது. இடிஐடி இப்போது 256 பைட்டுகள். இரண்டாம் தொகுதிக்குள் 23 09 07 07 என்ற நான்கு பைட்டுகள் உட்கார்ந்திருந்தன. எண்களாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒலியைத் தேடி அலைந்தவனுக்கு அதுதான் தொலைக்காட்சியின் வாக்குமூலம். 23 என்பது ‘அடுத்த மூன்று பைட்டுகள் ஒலியைப் பற்றியவை’ என்ற தலைப்பு. 09 என்பது சுருக்கப்படாத ஒலி, இரண்டு தடம். முதல் 07 என்பது 32, 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் மூன்றையும் ஏற்பேன் என்பது. இரண்டாம் 07 என்பது மாதிரிக்கு 16, 20, 24 பிட்டுகள் எதுவானாலும் சரி என்பது. இஎல்டி கோப்பு ஒன்றில் இரண்டு பூச்சியங்களும் ஒன்றாக மாறி, தொலைக்காட்சியின் பெயரும் அதில் வந்திருந்தது. ஒலிப் பட்டியலில் எச்டிஎம்ஐ தோன்றியது. தேர்ந்தெடுத்தேன், தொலைக்காட்சி பேசியது.

கேபிளை மாற்ற வழியில்லாத இடத்தில் என்ன செய்வது என்று இளைஞர் கேட்டார். நல்ல சீட்டு ஒன்றைக் கோப்பாகச் சேமித்து, கெர்னல் தொடங்கும்போதே அதைப் படிக்கச் சொல்லலாம். அது நடக்கக்கூடியதுதான். ஆனாலும், எதிரே இருப்பவர் சொல்லாததைச் சொன்னதாகக் கணினியை நம்பவைக்கும் இந்த வேலையை நான் கடைசியில்தான் நாடுவேன். ஆறு மாதம் கழித்துத் திரையை மாற்றும்போது, இப்படி ஒரு பொய்ச்சீட்டு உள்ளே இருப்பது யாருக்கும் நினைவிருக்காது.

இன்டெல் அல்லாத வரைகலைச் சில்லாக இருந்திருந்தால் தேடலும் வேறாக இருந்திருக்கும். ஏஎம்டியின் பழைய அட்டைகளில், கெர்னல் 3.13க்கு முன்வரை ரேடியான் இயக்கி எச்டிஎம்ஐ ஒலியை இயல்பாகவே அணைத்து வைத்திருந்தது. வேகா வகை அட்டைகளுக்கோ கெர்னல் 4.15இல் சேர்ந்த புதிய காட்சிப் பகுதி இல்லாமல் ஒலியே கிடையாது. இன்றைய உபுண்டுவில் இவை பழங்கதை, ஆனால் அக்காலத்து அறிவுரைகள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன; இளைஞரின் இரண்டு இரவுகளை விழுங்கியவை அவைதாம்.

கதை இத்துடன் முடிந்தது என்று எண்ணித்தான் திரும்பினேன். அடுத்த வாரமே ஆசிரியை அழைத்தார். “சத்தம் வருது தம்பி, ஆனா முதல் எழுத்தைத் தின்னுடுது.”

நவம்பர் 15ஆம் தேதி மீண்டும் போய், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவருடைய பாடம் ஒலித்துணுக்குகளால் ஆனது. படத்தைத் தட்டினால் ஒரு சொல் ஒலிக்கும், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், சற்று விளக்கம், பிறகு அடுத்த படம். ஒவ்வொன்றும் ஒரு விநாடியே நீளும். அம்மா படத்தைத் தட்டினார்; தொலைக்காட்சி “மா” என்றது. இலை “லை” ஆயிற்று. ஈ என்ற ஒற்றை எழுத்து வரவே இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் “மா! மா!” என்று ஒரே குரலில் கத்திவிட்டுச் சிரித்தார்கள். உயிரெழுத்துப் பாடத்தில் உயிரெழுத்து மட்டும் காணாமற் போவதைவிடக் கொடுமை வேறென்ன?

இது வேறு கோளாறு. எச்டிஎம்ஐ கம்பியில் ஒலிக்கென்று தனிக் கடிகாரம் இல்லை. படத்தின் கடிகாரத்தைக் கொண்டு ஒலியின் கடிகாரத்தைத் தொலைக்காட்சி தானே கணக்கிட்டு உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான இரண்டு எண்களைக் கணினி அனுப்பிக்கொண்டே இருக்கும். முழு எச்டிக்கும் 48 கிலோஹெர்ட்ஸுக்கும் அவை 6144, 148500. படத்தின் 148.5 மெகாஹெர்ட்ஸை முதல் எண்ணால் பெருக்கி இரண்டாம் எண்ணால் வகுத்தால் 6.144 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அது 48,000இன் 128 மடங்கு. ஒலி ஓடை தொடங்கும்போது தொலைக்காட்சி இதைப் பிடித்து நிலைப்படுத்தி, கரகரப்பு ஏதும் கேட்காதபடி அதுவரை வாயை மூடிக்கொண்டு, பிறகுதான் ஒலிபெருக்கியைத் திறக்கிறது. அதற்கு அரை விநாடி ஆனால்கூட ‘அ’ போய்விடும். ஒருமுறை பிடித்துவிட்டால் ஓடை நிற்கும்வரை தொல்லை இல்லை.

நிறுத்துகிறவர் யார் என்பதுதான் கேள்வி. பைப்வயரின் சாதனங்களை மேற்பார்க்கும் வயர்பிளம்பர், 5 விநாடி யாரும் ஒலி அனுப்பாவிட்டால் அந்தச் சாதனத்தை உறங்கவைத்துவிடும். மடிக்கணினியில் மின்கலத்தைக் காக்க அது நல்ல ஏற்பாடு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே பத்து விநாடி விளக்கம் சொல்லும் ஆசிரியைக்கு அது ஒவ்வொரு முறையும் முதலெழுத்தைப் பறிக்கும் ஏற்பாடு. நீண்ட பாட்டைப் போடும் வகுப்பில் இதை யாருமே கவனித்திருக்கமாட்டார்கள்.

உறங்கும் நேரத்தைப் பூச்சியமாக்கினால் வயர்பிளம்பர் அதை ஒருபோதும் உறங்கவைக்காது; யாரும் பேசாதபோது மௌனத்தையே அனுப்பிக்கொண்டிருக்கும். இதற்கான அமைப்புக் கோப்பை எழுதி, மறுபடி தொடங்கி, படத்தைத் தட்டினேன். “மா.” எந்த மாற்றமும் இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. சற்று நேரம் கழித்தே வயர்பிளம்பரின் பதிப்பு எண்ணைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. உபுண்டு 24.04இல் இருப்பது 0.4.17. நான் எழுதியது 0.5 பதிப்பிலிருந்து வழக்குக்கு வந்த கான்ஃப் வகைக் கோப்பு. 0.4 வகை அதைத் திரும்பியும் பார்க்காது. அதற்கு லுவா மொழியில் எழுதி, மெயின்.லுவா.டி என்னும் அடைவுக்குள் வைக்க வேண்டும். அதே செய்தியை லுவாவில் எழுதி, ‘செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்’ என்ற பண்புக்கு 0 கொடுத்து, அந்த விதி எச்டிஎம்ஐ வெளியீட்டுக்கு மட்டும் பொருந்துமாறு வரம்பிட்டேன். கெர்னல் இயக்கியிலும் மின்சேமிப்புக்காக ஓர் உறக்க நேரம் உண்டு. ஓடை திறந்தே இருக்கும்வரை அது குறுக்கிடாது என்பதால் அதைத் தொடவில்லை.

இன்னொரு சிறு குறை எஞ்சியிருந்தது. கணினியைத் தொடங்கிவிட்டுப் பிறகு தொலைக்காட்சியைப் போட்டால், சில நேரம் ஒலி பின்புறத் துளைக்கே போய்விடுகிறது. எச்டிஎம்ஐயை இயல்பு வெளியீடாக நிலைப்படுத்தினேன். முதலில் தொலைக்காட்சியைப் போடும் பழக்கத்தையும் ஆசிரியை ஏற்றுக்கொண்டார். ஸ்பிளிட்டரின் முதல் வாய்க்கு மேலே ‘டிவி மட்டும்’ என்று எழுதி, நிறமில்லாத டேப் ஒட்டினோம்.

பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஆசிரியை அம்மா படத்தைத் தட்டினார். ‘அ’வும் ‘ம்’மும் ‘மா’வும் முழுதாக வந்தன. “மா” என்று கத்தத் தயாராக இருந்த ஒரு சிறுவன் ஏமாந்துபோய் வாயை மூடிக்கொண்டான். அவர் மேசைப் பக்கம் குனிந்து மானிட்டரைப் பார்த்தார்.

“ரோஸ் கோடு திரும்ப வந்துடுச்சே, தம்பி.”

அந்த மானிட்டருக்குப் போகும் ஓடையை மட்டும் டிவிஐ மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் வாங்கினால் கோடு போய்விடும் என்றேன்.

“வேணாம், இருக்கட்டும். அது தெரிஞ்சா டிவியில சத்தம் வரும்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு, அவர் இலைப் படத்தைத் தட்டினார்.